வண்டியில் பாதி புறம்போக்கு

வீட்டை விட்டு ஒரேயடியாகப் போன மறுநாள் காலையில்தான் நல்லகாமனுக்குப் பல்பொடி ஞாபகம் வந்தது.

திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். தூரம் ஒன்றும் பிரமாதமில்லை. வண்டியை விட்டு இறங்கித் தெருவில் நாலு எட்டு வைத்தால் அவர் வீட்டு கேட். ஆனால், "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா நான் நல்லகாமனே இல்ல" என்று முந்தின நாள் சாயங்காலம் விளாங்குடிக்கே கேட்கிற மாதிரி சத்தியம் செய்துவிட்டு வண்டியில் ஏறியிருந்தார். பல்பொடிக்காகப் பெயரை மாற்றிக்கொள்ள முடியாது.

வண்டியோ, கிளம்புகிற வண்டி இல்லை. இன்ஜின் இறுகிப்போய்க் கிடந்தது.

அவர் ஜன்னலின் பூப்போட்ட திரையை விலக்கித் தொண்டையைச் செருமினார்.

"யாரும்மா வீட்டுல?"

வாசல் தெளித்துக்கொண்டிருந்த மாயக்காள் நிமிர்ந்தாள். முப்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள். முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நீங்க எந்த ஊருங்க?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

"வழிப்போக்கன். வடக்க போறேன்."

"வண்டி தெக்கப் பாத்துல்ல நிக்குது?"

"திருப்பிக்கிருவேன். கொஞ்சம் பல்பொடி கெடைக்குமா?"

"வீட்டுல ஆம்பள இல்லைங்க. நேத்துதான் எங்கிட்டோ கெளம்பிப் போனாரு. அசலூர் ஆளுகளுக்கு இப்பக் கதவு தொறக்குறதில்ல."

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நல்லகாமன் மதில் ஓரத்து வேம்பில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டார். அந்த மரத்தை நட்டவர் அவர்தான். இப்போது அதில் குச்சி ஒடிக்கும்போது யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் ஓய்வு பெற்றதில் வந்த வினை. நல்லகாமன் சர்வேயர். வேலை பார்த்த காலம் முழுக்கத் தல்லாகுளத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கிராமம் கிராமமாக அலைந்து அடுத்தவர் நிலத்தை அளந்தவர். வேலை முடிந்த மறுவாரம் கை சும்மா இருக்காமல் அடுப்படியை அளக்க ஆரம்பித்தார். டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டினார். ஒட்டும்போது உப்பும் சீனியும் இடம் மாறிவிட்டன. அன்றைக்குப் பார்த்து வந்த சொந்தக்காரர்கள், உப்புக் காப்பியை மரியாதைக்காகக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனார்கள்.

"காலையில போனா ராத்திரிக்கு வருவீங்க. வீடு நல்லா இருந்துச்சு" என்றாள் மாயக்காள். சத்தம்கூடப் போடவில்லை.

"அப்ப நான் இருக்குறதுதான் ரோதனையா?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"நான் போறேன். இந்தியா பூராம் சுத்தப் போறேன். வண்டியிலயே சமைச்சு, வண்டியிலயே படுத்துக்கிருவேன்."

"போங்க."

'போகாதீங்க' என்று இரண்டு எழுத்துக் கூடுதலாகச் சொல்லுவாள் என்று காத்திருந்தார். சொல்லவில்லை. அதன்பிறகு அவள் காதில் விழட்டும் என்றே ஒரு வாரம் கூடத்தில் நின்றுகொண்டு புரோக்கரிடம் போனில் பேசினார். "கப்பலூர் பேயாண்டியா? வீடு மாதிரி வண்டி வேணும்ப்பா. ஆமா, ஒத்தை ஆளுக்குத்தான்." அப்போதும் அவள் வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தாள்.

பேயாண்டி பழைய வண்டி வாங்கி விற்பவன். கப்பலூரில் கம்பெனிகளுக்குப் பின்னால் கருவேலங்காட்டை ஒட்டி அவனுடைய ஷெட். அங்கேதான் இந்த வண்டி நின்றது. உள்ளே பின்பக்கம் கட்டில், முன்பக்கம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அடுப்பு, கை கழுவுகிற தொட்டி, குட்டி மின்விசிறி. யாரோ ஒரு வெளிநாட்டுத் தம்பதி அதில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, வெயில் தாங்காமல் விட்டுவிட்டுப் போனதாம். நல்லகாமனுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"சார், ஒளிக்காமச் சொல்றேன். இன்ஜின் புடிச்சுக்கிருச்சு. ஓடாது" என்றான் பேயாண்டி.

இவ்வளவு நேர்மையான புரோக்கரை நல்லகாமன் பார்த்ததில்லை. நேர்மையைக் கண்டதும் பேரத்தில் இறங்கினார். இறுகின இன்ஜினை இளக்க எவ்வளவு நாளாகும்? ரெண்டு நாள். அதற்காக வண்டியை அடிமாட்டு விலைக்கு விடுகிறான், ஏமாளிப் பயல் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே முன்பணம் கொடுத்தார். லாரியில் ஏற்றி வந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள்.

தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு வக்கீல் பீமாராவ்தான் தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர். எந்த நிகழ்ச்சியையும் சால்வை இல்லாமல் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"நம்ம நல்லகாமன் அண்ணே, பாரத தேசத்தையே அளக்கப் போறாரு" என்று பேசி, மாலை போட்டு, சால்வை போர்த்தி, எல்லாரையும் கை தட்டச் சொன்னார். மாயக்காளும் கூட்டத்தோடு நின்று தட்டினாள். வழியனுப்பிய பிறகு வீட்டுக்குள் போவது எப்படி? நல்லகாமன் வண்டிக்குள் ஏறிக்கொண்டார். கூட்டம் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு கொசு கடித்ததும் கலைந்துவிட்டது.

அன்று முதல் அவருடைய பாரத யாத்திரை வேப்ப மரத்தடியில் நடந்தது.

மெக்கானிக் சிவபாண்டி திண்டுக்கல் ரோட்டில் பட்டறை வைத்திருப்பவன். வந்து இன்ஜினைத் திறந்து, டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்டான்.

"பிஸ்டன் பூராம் ஒட்டிக்கிருச்சுண்ணே. டீசல ஊத்தி ஊறப்போட்டிருக்கேன். இட்லி அரிசி மாதிரிதான். அவசரப்பட்டா காரியம் கெட்டுரும்."

"எப்பத்தான் ஊறும்?"

"நாளைக்கு வந்து பாக்குறேன்."

நாளைக்கு வந்தான். காதை வைத்தான். "ஊறுது" என்றான். அதற்கடுத்த நாளும் ஊறியது.

வெயில் ஏற ஏற வண்டி இரும்புச் சட்டி மாதிரி காய்ந்தது. மின்விசிறி ஓட பீமாராவ் வீட்டிலிருந்து வயர் இழுத்தார். முதல் நாளே பீமாராவின் வீட்டு ஃபியூஸ் போய், ஃப்ரிட்ஜில் இருந்த மீன் குழம்பு கெட்டு, அந்தக் குற்ற உணர்ச்சியில் நல்லகாமன் அதை வாங்கித் தானே சாப்பிட்டார். அதன் பலனாக பீமாராவ் வீட்டுக் கழிவறையையும் அடிக்கடி கேட்க வேண்டியதாயிற்று. தினமும் இரவு ரோட்டுக் கடைப் புரோட்டா. வயிறு, அந்த இன்ஜினைவிட இறுகிப்போனது.

இதைவிடக் கொடுமை காலை நடைக்குப் போகிறவர்கள்.

"என்னண்ணே, இன்னும் கெளம்பலையா?"

"நாளைக்கு."

"காசிக்குப் போனா ஒரு சொம்பு கங்கைத் தண்ணி எடுத்துட்டு வாங்க."

கோயம்புத்தூரிலிருந்து மகள் மீனா கூப்பிட்டாள்.

"அப்பா, எங்கப்பா இருக்கீங்க?"

"போய்க்கிட்டே இருக்கேன்மா. ஆந்திராவத் தாண்டியாச்சு."

அந்த நேரம் பார்த்து மாயக்காள் வாசலில் நின்று, மாடியில் காய்கிற வத்தலைக் கொத்த வந்த காக்காயை ஊர் கேட்கத் திட்டினாள்.

"அம்மா சத்தம் கேக்குதேப்பா?"

"டவர் அப்பிடிம்மா. ஒண்ணோட ஒண்ணு கலந்துருது."

இதற்கு மேல் மனைவியின் கண்ணெதிரில் நாடோடியாக இருப்பது முடியாது என்று நல்லகாமன் முடிவு செய்தார். ஓடாவிட்டால் போகிறது, தெருமுனை வரைக்குமாவது போய்விட வேண்டும். அங்கே நின்றால் மெயின் ரோடு. பார்க்கிறவர்களுக்கு எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற வண்டி மாதிரி இருக்கும்.

பீமாராவ் ஆட்களைத் திரட்டினார். வண்டியை நியூட்ரலில் போட்டு, நல்லகாமன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, தெருவே சேர்ந்து பின்னோக்கித் தள்ளியது.

இங்கே அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நேராக வந்து நல்லகாமன் வீட்டில் முட்டி முடிகிற தெரு. தெருக்குத்து என்று யாரும் வாங்காமல் கிடந்த மனையை, "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று அவர் வாங்கிக் கட்டியிருந்தார். மெயின் ரோட்டிலிருந்து அவர் வீடு வரைக்கும் நல்ல சரிவு. அதை அவரே ஒருமுறை அளந்தும் வைத்திருந்தார்.

மூச்சு வாங்க வண்டியை மேட்டுக்கு ஏற்றினார்கள். ஏற்றி முடித்த சந்தோஷத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துக் கை தட்டினார்கள்.

வண்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு வீட்டைப் பார்த்துக் கிளம்பியது.

நல்லகாமன் பிரேக்கில் ஏறி நின்றார். அது பஞ்சு மெத்தையை மிதித்த மாதிரி உள்ளே போனது. ஹாரன் அடித்தார். ஹாரனும் ஊறிக்கொண்டிருந்தது. பின்னால் தெருவே "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. முன்னால் அவர் வீடு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"மாயக்கா!" என்று அவர் அலறியதைத் தெருவில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பிற்பாடு, தான் கூப்பிட்டது கடவுளை என்று சாதித்தார்.

கேட் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு தூண்களுக்கும் நடுவில் வண்டி பாதி நுழைந்து, அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதமாகச் செருகி நின்றுவிட்டது. முன்பாதி முற்றத்தில். பின்பாதி தெருவில்.

முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த மாயக்காள் ஒதுங்கி நின்று, கண்ணாடிக்குள் வெளுத்துப்போயிருந்த முகத்தைப் பார்த்தாள். அடி எதுவும் படவில்லை என்று தெரிந்ததும்தான் இடுப்பில் கை வைத்தாள்.

"வழிப்போக்கரே, வடக்க போறதாச் சொன்னீங்களே?"

நல்லகாமனுக்குப் பெரிய கவலை ஒன்று வந்துவிட்டது. தான் இப்போது எங்கே இருக்கிறோம்? டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து, அடுப்பைத் தாண்டி, தவழ்ந்து தவழ்ந்து பின்பக்கக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கத்தினார்.

"வக்கீல் சார்! டேப்ப எடுத்துட்டு வாங்க!"

அரை மணி நேரம் அளந்தார்கள். மதில் கல்லிலிருந்து நூல் பிடித்தார்கள். முடிவில் நல்லகாமன் வண்டிக்குள் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"கோட்டுக்கு அங்கிட்டு எங்க வீட்டுப் பட்டா. இங்கிட்டுத் தெரு, சர்க்கார் புறம்போக்கு. நான் புறம்போக்குல இருக்குற வரைக்கும் வீட்டுக்குள்ள வந்ததாக் கணக்கில்ல. சட்டப்படி சரிதானே?"

பீமாராவ் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "சட்டப்படி பின்பாதியில இருக்குறது புறம்போக்குதாண்ணே."

"அதத்தானே நானும் ஒரு வாரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள் மாயக்காள்.

ஆக, கட்டில் புறம்போக்கில் இருந்தது. அடுப்பு பட்டாவில் இருந்தது. மின்விசிறியும் பட்டாவில். நல்லகாமனால் காப்பிகூடப் போட முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் வண்டியின் முன்கதவு திறந்தது. மாயக்காள் ஒரு முறத்தில் முருங்கைக்கீரையோடு ஏறி வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இது என் எடம்தானே? யாரும் ஆட்சேபிக்க முடியாதுல்ல?"

"எனக்கென்ன. நான் வெளியூர்."

அவள் கீரையை ஆயத் தொடங்கினாள்.

"இப்ப எந்த ஊருல இருக்கீங்க?" என்றாள், நிமிராமல்.

நல்லகாமன் வண்டியின் கூரையைப் பார்த்தார். "காசி."

"வெயில் எப்பிடி?"

"விளாங்குடி அளவுக்கு இல்ல."

"சாப்பாடு?"

"புரோட்டாதான்."

"காசியில புரோட்டாவா?" அவள் எழுந்து போய், ஒரு தட்டில் சோறும் ரசமும் அப்பளமும் கொண்டு வந்தாள்.

"கோட்டு மேல வச்சிரு. நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

சரியாகக் கோட்டின்மேல் வைத்தாள். அவர் வந்து எடுத்துக்கொண்டு புறம்போக்குக்குத் திரும்பினார். ஒரு வாய் ரசம் உள்ளே போனதும் கண் கலங்கிவிட்டது. மிளகு அதிகம் என்று சொல்லிக்கொண்டார்.

அப்புறம் தினமும் அப்படியே ஆனது. அவள் உளுந்து புடைக்க வந்தாள், பூக்கட்ட வந்தாள், ஒரு நாள் சும்மாவே வந்தாள். அவர் டில்லிக்குப் போனார், ஆக்ராவுக்குப் போனார். தாஜ்மகாலைப் பற்றி அவர் சொன்னதை அவள் முகவாயில் கை வைத்துக் கேட்டாள். அவர் அதைப் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை. அதனால் தடங்கல் இல்லாமல் பேச்சு ஓடியது. வேலையில் இருந்த காலத்தில், 'சாப்பிட்டாச்சா', 'கதவச் சாத்து' தவிர இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"காஷ்மீரு எப்பப் போவீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அடுத்த வாரம். ஏன்?"

"இல்ல. குளுருமே. சொட்டர் எடுத்துட்டுப் போகலையே நீங்க."

அவருக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. 'போதும் மாயக்கா, நான் உள்ள வந்துர்றேன்' என்று சொல்லிவிடலாம். ஆனால் சத்தியம் செய்த ஆள். சால்வை வேறு வாங்கிய ஆள். அந்த வார்த்தையும் இன்ஜின் மாதிரி இறுகி நின்றுவிட்டது. மனதுக்குள் சிவபாண்டியின் டீசல் எந்தக் காலத்திலும் ஊறாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

வேண்டுதல் பலிக்க பீமாராவ் விடவில்லை. வண்டியின் பின்பாதி அவருடைய கேட்டை மறைத்துக்கொண்டு நின்றதில், அவர் கார் வீட்டுக்குள்ளேயே சிறைப்பட்டுவிட்டது. கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில், கோழிக்கூடை ஒன்றை மடியில் வைத்திருந்தவருக்கு அருகில் உட்கார்ந்து கோர்ட்டுக்குப் போய் வந்தார். கோட்டில் இறகு ஒட்டியிருந்ததை நீதிபதி பார்த்துவிட்டார்.

"அண்ணே, சட்டம் வேற, என் காரு வேற" என்று அன்று மாலையே அறிவித்தார். "சமயநல்லூர்ல எங்க மாப்ளகிட்ட டிராக்டர் இருக்கு. காலையில வருது. வண்டியப் பின்னால இழுத்துர வேண்டியதுதான்."

"பாவம், டிராக்டருக்கு எதுக்குச் செரமம்?" என்றார் நல்லகாமன்.

காலையில் டிராக்டர் வந்தது. சிவபாண்டியும் வந்தான். காதை வைத்துக் கேட்டவன், முதல் முறையாகப் புருவத்தை உயர்த்தினான்.

"அண்ணே, நல்லா ஊறிருச்சு. இதுதான் சமயம். ரிவர்ஸ் கியர்ல போட்டு இழுத்தா, சக்கரம் சுத்துற வேகத்துல இன்ஜின் விட்டுக்குடுத்துரும்."

"வேணாம்ப்பா. சும்மா இழுத்து ஓரமா நிப்பாட்டு."

"அட, எம்புட்டு நாள் ஒழைச்சிருக்கேன். சும்மா இருங்கண்ணே."

முதல் இழுப்பில் கயிறு அறுந்தது. இரண்டாவது இழுப்பில் வலப்பக்கத் தூண் சாய்ந்தது. நல்லகாமனுக்கு நம்பிக்கை வந்தது. மூன்றாவது இழுப்பில் இடப்பக்கத் தூணும் விழுந்து, வண்டி கரகரவென்று தெருவுக்கு வந்தது. வந்த வேகத்தில் அதன் வயிற்றுக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு இருமல். பிறகு தெருவையே மறைக்கிற மாதிரி கரும்புகை.

புகை விலகியபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி முழுக்க ஆடியது. ஜன்னல் கண்ணாடிகள் கிலுகிலுத்தன. சிவபாண்டி ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டு, டிராக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். தெருவே ஆர்ப்பரித்தது. நல்லகாமன் மட்டும் எழவு விழுந்த வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்.

"சரி, ஓடுது. சந்தோசம். அணைச்சிரு" என்றார்.

"அய்யய்யோ!" சிவபாண்டி குறுக்கே விழுந்தான். "அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகுமான்னு சொல்ல முடியாதுண்ணே. இந்தச் சூட்டோட கெளம்பிருங்க. நிறுத்தாம ஓட்டுனா காஷ்மீரே போயிரலாம்!"

பீமாராவ் அதற்குள் மாலைக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

நல்லகாமன் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ராகுகாலம் என்றார். முடிந்துவிட்டது என்றார்கள். பிரேக் பிடிக்காதே என்றார்; அதை எப்போதோ சரிசெய்துவிட்டதாகச் சிவபாண்டி பெருமையோடு சொன்னான். டயரில் காற்றில்லை என்றார். டிராக்டர்க்காரன் நாலு டயரையும் உதைத்துப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கிறது என்றான். எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு வரவேண்டும் என்று வீடு வீடாகப் போய், முன்னே பின்னே பேசியிராதவர்களிடம்கூட நின்று நின்று விடைபெற்றார். இரண்டு வீடுகளில் காப்பி குடித்தார். திரும்பி வந்தபோதும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாயக்காள் இடிந்து கிடந்த தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் அவர் இதுவரை பார்த்திராத ஒரு கலவரம். இன்ஜின் சத்தம் கேட்டதும் செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், யாரிடமோ கோபமாகப் பேசிவிட்டு அப்போதே வெளியே வந்துவிட்டிருந்தாள். மீனாவிடம் பேசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது கோடு இல்லை, மதிலும் இல்லை.

"அப்ப... வாரேன்" என்றார், இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தி.

"என்ன?"

"வாரேன்னு சொன்னேன்!"

அவள் உதடு ஏதோ அசைந்தது. 'போங்க' என்றாளா, வேறெதுவும் சொன்னாளா தெரியவில்லை. பீமாராவ் மாலையைப் போட்டார். போன தடவை பேசிய அதே பேச்சை, இமயமலையை மட்டும் கூடுதலாகச் சேர்த்துப் பேசினார். கூட்டம் கை தட்டியது. நல்லகாமன் மாலையும் கழுத்துமாக டிரைவர் சீட்டில் ஏறி, கியரில் கை வைத்து, ஒருமுறை வீட்டைப் பார்த்தார். கியரைப் போடக் கை வரவில்லை.

அப்போது தெருமுனையில் ஒரு பைக் சாய்ந்து திரும்பி, சரிவில் தறிகெட்டு வந்து, வண்டிக்கு முன்னால் நின்றது. பேயாண்டி. கப்பலூரிலிருந்து ஒரே மூச்சில் வந்தவன் போல சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாப்பா பேயாண்டி!" என்று நல்லகாமன் ஜன்னல் வழியாகக் கை நீட்டினார். கிளம்பாமல் இருக்க இன்னும் ஒரு ஆள் கிடைத்த நிம்மதி. "பாத்தியா, ஓடாதுன்னு சொன்னியே, ஓடுது பாத்தியா?"

பேயாண்டி அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பீமாராவையும் சிவபாண்டியையும் விலக்கிக்கொண்டு நேராக மாயக்காள் முன்னால் போய் நின்றான். தலைக்கு மேல் கையைக் கூப்பினான். இன்ஜின் போட்ட சத்தத்தில் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று:

"மன்னிச்சிருங்கக்கா! நீங்க சொன்ன மாதிரி, எங்கிட்ட இருந்ததுலேயே எந்தக் காலத்துலயும் ஓடாத வண்டியாப் பாத்துத்தாங்கா சார் தலையில கட்டுனேன்! இது இப்பிடித் துரோகம் பண்ணும்னு யாரு கண்டா? நாளைக்கே வேற ஓடாத வண்டியா மாத்திக் குடுத்துர்றேங்கா!"